சிறகைப் பார்த்துப் பூச்சியை அறிக
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சென்ற பெரும்போகத்தின்போது ஒரு கமக்காரர் பழைய பால்மாப் பேணி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வந்தார். பேணியினுள்ளே இரண்டு பூச்சிகள் இருந்தன. ஒன்று ஏறக்குறைய மூன்று அங்குல அகலமுள்ள கபிலநிற வண்ணத்துப்பூச்சி. அதன் சிறகிலே கண்போன்ற கரும்பொட்டு ஒன்று காணப்பட்டது. மற்றையது வைக்கோல் நிறமான ஒரு சிறு பூச்சி.

“ஐயா, இந்தப் பெரியதுதான் என் வயலைக் கெடுக்கிறது. இதற்காக இரண்டு முறை மருந்து தெளித்துவிட்டேன். அப்படியிருந்தும் கதிரெல்லாம் வெளுத்துப் போகிறது” என்றார் அவர்.

“இந்தச் சிறியதை எதற்காகக் கொண்டுவந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“அது விளக்கடியிலே கிடந்தது. தவறிப் பேணிக்குள்ளே விழுந்துவிட்டது” என்றார்.

தவறி விழுந்த அந்தச் சிறு பூச்சியே குற்றவாளி. பெரியதோ நெல்லுக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாத ஒரு வண்ணத்துப்பூச்சி. அவர் குற்றமற்றதைத் தண்டித்தார். குற்றவாளியைக் கண்டும் காணாது விட்டார். அதனால் மருந்துக்குச் செலவிட்ட பணம் வீணாயிற்று. வயலிலே பூச்சிகளைப் பிடித்துண்டு எமக்கு உதவிசெய்த சிலந்திகளும் மடிந்தன. வெண்கதிரோ குறையவில்லை.

இந்நிலை உங்களுள் எவருக்கும் நேரலாகாது என்பதே இன்றைய உரையின் நோக்கமாகும். எழுத்தறிந்தவர் பெயர்ப்பலகையை வாசிப்பதுபோல, பூச்சியின் சிறகை வாசிக்கக் கமக்காரர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையுமே வேண்டும்.

பார்க்கும் முறை

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சியாயினும் அந்துப்பூச்சியாயினும், பறந்து திரியும் பருவத்தில் அது பயிரைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வெளிவரும் புழுவே பயிரைத் தின்கிறது. ஆகவே பறக்கும் பூச்சி எமக்கு முன்னறிவித்தல் தரும் தூதுவனைப் போன்றது. இன்னாருடைய தூதுவன் என்று அறிந்தால், வரப்போவது யாரென்பதையும் அறியலாம்.

வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் பகலிற் பறப்பன. அவற்றின் உணர்கொம்புகள் நுனியிலே குண்டூசித் தலைபோலத் தடித்திருக்கும். ஓய்ந்திருக்கும்போது பெரும்பாலானவை சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்தி ஒன்றுசேர்த்து வைத்திருக்கும். அந்துப்பூச்சிகளோ பெரும்பாலும் இரவிற் பறந்து விளக்கை நாடுவன. அவற்றின் உணர்கொம்புகள் நூல்போன்றோ இறகுபோன்றோ இருக்கும். சிறகுகளை அவை தட்டையாகவோ கூரைபோலச் சாய்த்தோ வைத்திருக்கும். நெல்லுக்கும் காய்கறிகளுக்கும் பெருந்தீங்கு செய்வன பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் புழுக்களே.

பூச்சியை விரல்களாற் பற்றுதல் கூடாது. சிறகின் நிறமும் குறியும் மிக நுண்ணிய செதில்களால் ஆனவை. விரல் பட்டால் அவை தூளாக உதிர்ந்துவிடும், அடையாளமும் அழிந்துவிடும். ஆதலின் கண்ணாடிப் போத்தல் ஒன்றால் மூடிப் பிடித்து, வெளிச்சத்திலே வைத்துப் பாருங்கள். பின்வரும் ஐந்து கேள்விகளையும் வரிசையாகக் கேளுங்கள்: அளவு என்ன? சிறகின் அடிநிறம் என்ன? பொட்டு உண்டா, கோடு உண்டா, அவை எத்தனை? அவை சிறகின் நடுவிலா ஓரத்திலா உள்ளன? ஓய்ந்திருக்கும்போது சிறகை எவ்வாறு வைத்திருக்கிறது? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தால் பூச்சியின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மஞ்சட் சிறகில் ஒரு கரும்பொட்டு

பேணிக்குள் விழுந்த சிறு பூச்சி நெல்லின் மஞ்சள் தண்டுதுளைப்பான். அதன் பெண்பூச்சியின் முன்சிறகுகள் வைக்கோல் மஞ்சள் நிறமானவை. ஒவ்வொரு முன்சிறகின் நடுவிலும் ஒரேயொரு கரும்பொட்டு தெளிவாக இருக்கும். ஓய்ந்திருக்கும்போது இதன் நீளம் அரை அங்குலத்துக்குச் சிறிது கூடுதலாகும். வாற்பக்கத்தில் மென்மயிர்க் கற்றை ஒன்றும் உண்டு. ஆண்பூச்சி இதனினும் சிறியது, மங்கிய கபிலநிறமானது, அதன் பொட்டுகள் தெளிவற்றவை. ஆதலால் ஆணைக்கொண்டு அடையாளங் காண முயன்று குழப்பமடைய வேண்டாம். பெண்பூச்சியைத் தேடுங்கள்.

பெண்பூச்சி இலையின் நுனிப்பக்கத்திலே 50 முதல் 150 வரையான முட்டைகளைத் திரளாக இட்டு, தன் வால்மயிரால் அவற்றை மூடிவிடும். பார்ப்பதற்கு அது இலையில் ஒட்டிய மங்கல்நிறப் பஞ்சுத்துண்டு போலத் தோன்றும். ஏறக்குறைய ஒரு கிழமையில் புழுக்கள் வெளிவந்து தண்டினுள்ளே துளைத்துச் செல்லும். மட்டம் வெடிக்கும் பருவமாயின் நடுக்குருத்துக் காய்ந்து, இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். கதிர் வரும் பருவமாயின் கதிர் முழுவதும் மணியின்றி வெளுத்து நிமிர்ந்து நிற்கும்.

இங்கே கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. வெண்கதிரைக் கண்டபின் மருந்து தெளிப்பதாற் பயனில்லை. புழு தண்டினுள்ளே தன் வேலையை முடித்துவிட்டது. வெளுத்த கதிர் மீண்டும் மணி பிடிக்காது. ஆகவே இப்பீடையை வெல்வதற்குரிய காலம் வெண்கதிருக்கு முந்தியதாகும். அக்காலத்தை எமக்கு அறிவிப்பது சிறகிலுள்ள அந்த ஒற்றைப் பொட்டே.

விளக்கிலே இப்பூச்சிகள் கூடுதலாக விழத் தொடங்கினால், மறுநாட்காலை வயலில் இறங்கி இலைநுனிகளைப் பாருங்கள். முட்டைத்திரள் உள்ள இலைநுனிகளைக் கிள்ளிச் சேருங்கள். நாற்று நடுபவர்கள் நாற்றுமேடையிலேயே இதனைச் செய்தல் எளிது. சேர்த்தவற்றை உடனே எரித்துவிடாதீர்கள். அம்முட்டைகளுள் பலவற்றினுள்ளே எமக்கு நன்மைசெய்யும் மிகச்சிறிய குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கும். நீர்நிறைந்த தட்டின் நடுவே ஒரு சட்டியை வைத்து, அதனுள் இலைநுனிகளை இடுங்கள். குளவிகள் பறந்து வயலுக்குத் திரும்பும். புழுக்களுட் பெரும்பாலானவை நீரைக் கடக்கமாட்டாது மடியும்.

அறுவடைக்குப்பின் தாளடிகளை உழுது மண்ணுள் புதைத்தலும், அயல்வயல்கள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விதைத்தலும் இப்பீடை பெருகாது தடுப்பனவாம். நெல்லே இப்புழுவின் உணவு. நெல் வயலில் இல்லாத இடைக்காலம் அதற்குப் பஞ்சகாலமாகும்.

குறுக்குக் கோடுள்ள சிறு பூச்சி

வரம்பிலே நடக்கும்போது காலடியில் நெற்பயிரிலிருந்து எழுந்து, சில அடி தூரம் பறந்து, மீண்டும் பயிருள் மறையும் சிறு பூச்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் சிறகு பொன்கபில நிறமானது. முன்சிறகின் குறுக்கே இரண்டு கருங்கோடுகள் முழுமையாகச் செல்லும். அவற்றின் நடுவே குறைக்கோடு ஒன்று இருக்கும். சிறகின் வெளியோரத்தில் அகன்ற கரும்பட்டி அமைந்திருக்கும். விரித்த சிறகின் அகலம் முக்கால் அங்குலமளவு. இதுவே இலைமடிச்சுக்கட்டியின் தாய்ப்பூச்சி.

இதன் பசிய புழு இலையை நீளவாக்கில் மடித்து, பட்டுநூலால் தைத்து, உள்ளிருந்து பச்சையத்தைச் சுரண்டும். இலையில் வெண்கோடுகள் தோன்றும். காண்பவர் மனம் பதறும். ஆனால் பதறுதல் வேண்டாம். இளம்பயிர் புதிய இலைகளை விட்டு இவ்விழப்பை ஈடுசெய்துகொள்ளும். விதைத்து முதல் நாற்பது நாள்களுக்குள் இதற்கென மருந்து தெளிப்பது பெரும்பாலும் வீண்செலவே. வீண்செலவுடன் நில்லாது அது தீமையையும் விளைவிக்கும். முற்காலத்தில் தெளித்த மருந்து சிலந்தி முதலிய காவலர்களைக் கொன்றுவிட, பின்னர் அறக்கொட்டி என வழங்கும் கபிலநிறத் தத்தி தடையின்றிப் பெருகிப் பயிரை எரித்துவிடும். கதிருக்கு முன்வரும் கடைசி இலையே மணி முற்றுதற்கு மிக வேண்டப்படுவது. அக்காலத்தில் இலைகளைக் கருத்துடன் கவனியுங்கள். யூரியாவை அளவுக்கு மேல் இட்டு, பயிரைக் கரும்பச்சையாக வளர்த்த வயலையே இப்பூச்சி கூடுதலாக நாடும் என்பதையும் மறவாதீர்கள்.

கண்பொட்டுள்ள பெரிய கபிலன்

இனி, பேணியிலிருந்த பெரிய வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். இது அந்திவேளையிற் பறப்பது. சிலவேளை விளக்குக்கும் வரும். முன்சிறகின் மேற்புறத்திலே வெண்புள்ளி கொண்ட கரும்பொட்டும், அதனையடுத்துச் செம்மஞ்சள் நிறமும் உண்டு. இதன் புழு பச்சைநிறமானது. தலையில் இரு கொம்புகள் உடையது. அது நெல்லிலையையும் புல்லையும் தின்பது உண்மையே. ஆயினும் வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகவே காணப்படும். அதன்பொருட்டு மருந்து தெளிக்க வேண்டிய நிலை அரிது.

இப்பூச்சியிடம் நாம் கற்கவேண்டிய பாடம் வேறொன்றுண்டு. மழைக்காலத்திற் பிறப்பவற்றின் சிறகின் கீழ்ப்புறத்திலே வளையக் கண்பொட்டுகள் வரிசையாக இருக்கும். வறட்சிக்காலத்திற் பிறப்பவற்றில் அப்பொட்டுகள் மறைந்து, சிறகு காய்ந்த சருகைப்போலக் காணப்படும். இரண்டும் ஓரினமே. காய்ந்த சருகுகளிடையே மறைந்து பறவைக்குத் தப்புதற்கு இக்கோலம் உதவுகிறது. ஆகவே ஒரேயொரு குறியை மட்டும் நம்பி முடிவுசெய்யலாகாது. சிறகைப் பார்த்தபின் புழுவையும் முட்டையையும் பயிரிலுள்ள சேதத்தையும் தேடிப் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும்.

காய்கறித் தோட்டத்திலே

கத்தரித் தோட்டத்தில் நுனிக்குருத்துகள் வாடித் தலைசாய்வதையும், காய்களில் துளை விழுவதையும் அறியாதார் இலர். அதனைச் செய்யும் இளஞ்சிவப்புப் புழுவின் தாய்ப்பூச்சியை அறிந்தவரோ சிலரே. அது வெண்மையான சிறகுடைய சிறு அந்து. சிறகிலே கபிலமும் செம்மையும் கலந்த திட்டுகள் சிதறியிருக்கும். பகலில் இலைகளின் மறைவில் ஒடுங்கியிருக்கும். இதனைத் தோட்டத்திற் கண்டால், வாடிய குருத்துகளைக் கிழமைதோறும் துளைக்குக் கீழே வெட்டி அழித்துவிடுங்கள். துளைவிழுந்த காய்களைத் தோட்டத்தருகே கொட்டாதீர்கள். அங்கிருந்தே அடுத்த தலைமுறை புறப்படும்.

கோவாப் பயிரில் வரும் அந்து மிகச்சிறியது. நீளம் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கே. சாம்பல்கலந்த கபிலநிறமான அது சிறகை மடித்து அமரும்போது, முதுகின்மேல் வெளிறிய வைர வடிவங்கள் வரிசையாகத் தோன்றும். அதனால் இதனை வைரமுதுகு அந்து என்பர். இதன் சிறு பச்சைப்புழு, தொட்டவுடன் நெளிந்து நூலில் தொங்கும். இது மருந்துக்கு எளிதில் அடங்காத பூச்சி. டி.டி.ரி. என்னும் மருந்தை எதிர்த்து வாழும் ஆற்றலை இது பெற்றுவிட்டதென 1953 ஆம் ஆண்டிலேயே யாவாத் தீவிலிருந்து அறிவிக்கப்பட்டது. அதன்பின் வந்த பல மருந்துகளையும் இது வென்றுவிட்டது. ஆதலால் ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தல், அப்பூச்சிக்குப் பயிற்சி கொடுப்பதற்கு ஒப்பாகும். முதுகிலே வைரக்குறியைக் கண்டால், கடைக்காரரிடம் முந்திய போத்தலையே கேளாது, விவசாயப் போதனாசிரியரை அணுகி, எவ்வகை மருந்தை எவ்வகையுடன் மாற்றிப் பயன்படுத்தலாம் என்று கேளுங்கள். அறுவடைக்குப்பின் எஞ்சிய கோவாத் தண்டுகளையும் இலைகளையும் அகற்றிவிடுங்கள்.

வெள்ளரி, பாகல், புடோல் ஆகிய கொடிகளில் வரும் அந்துவை ஒருமுறை கண்டவர் மறவார். சிறகின் நடுப்பாகம் ஒளி ஊடுருவும் வெண்மை. ஓரம் முழுவதும் அகன்ற கருங்கபிலக் கரை. கரைவைத்த வெள்ளைச் சால்வை போலத் தோன்றும். வால்நுனியிலே மயிர்க்குஞ்சம் உண்டு. இதன் பச்சைப்புழுவின் முதுகில் இரு வெண்கோடுகள் நீளமாக ஓடும். அது இலைகளை நூலாற் பிணைத்துத் தின்னும். காயின் தோலையும் சுரண்டும். பிணைந்த இலைகளைப் புழுவோடு கிள்ளி அழிப்பதே முதல் வைத்தியம். வெள்ளரிப்பூவும் பாகற்பூவும் விரியும் காலைவேளையில் மருந்து தெளித்தால் தேனீக்கள் மடியும். தேனீ இல்லையேல் காய்ப்பிடிப்பும் குறையும்.

வேடம் பூண்ட வண்ணத்துப்பூச்சி

வீட்டுத் தோட்டத்துத் தேசியிலும் கறிவேப்பிலையிலும் புழு வைப்பன இரண்டு வண்ணத்துப்பூச்சிகள். ஒன்று கருஞ்சிறகில் பல இளமஞ்சட் பொட்டுகளும், பின்சிறகின் உள்மூலையில் ஒரு செம்பொட்டும் உடையது. அதற்கு வால் இல்லை. மற்றையதன் ஆண், வாலுள்ள கருஞ்சிறகும், பின்சிறகின் குறுக்கே வெண்பொட்டு வரிசையும் உடையது.

இவ்விரண்டாவதன் பெண்பூச்சியோ வேடம் பூணுவதில் வல்லது. சில பெண்கள் ஆணைப்போலவே இருக்கும். வேறு சில, கருஞ்சிறகில் செம்பொட்டுகள் கொண்ட நச்சு வண்ணத்துப்பூச்சிகளைப் போலத் தோன்றும். அந்த நச்சுப்பூச்சிகளின் புழுக்கள் ஈச்சுரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றைத் தின்று, அச்செடியின் நஞ்சைத் தம் உடலிற் சேர்ப்பன. அதனால் பறவைகள் அவற்றைத் தீண்டுவதில்லை. அவற்றின் கோலத்தைப் பூண்ட பூச்சியும் பறவைக்குத் தப்பிவிடும்.

சிறகு ஏமாற்றினாலும் உடல் ஏமாற்றாது. உண்மையான நச்சுப்பூச்சியின் உடல் சிவப்பாக இருக்கும். வேடம் பூண்டதன் உடல் கறுப்பாகவே இருக்கும். சிவந்த உடலுடையது உங்கள் தேசியை நாடி வருவதன்று, அதனை விட்டுவிடுங்கள். கறுத்த உடலுடையது தேசிக் கன்றைச் சுற்றிப் பறந்தால் இளந்தளிர்களைப் பாருங்கள். இளம்புழு பறவை எச்சம் போலவும், வளர்ந்த புழு பச்சையாகவும் இருக்கும். கையாற் பிடித்து அகற்றினாற் போதும். வளர்ந்த மரம் சில புழுக்களைத் தாங்கும். நாற்றுமேடைக் கன்று தாங்காது.

யாத்திரை செல்வன

சில காலங்களில் வெண்மையும் இளமஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒரே திசையிற் பறந்து செல்கின்றன. அவை சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்கின்றன என்பது இந்நாட்டுப் பழைய நம்பிக்கை. சிங்களத்தில் வண்ணத்துப்பூச்சியைச் ‘சமனலயா’ என்றும், அம்மலையைச் ‘சமனல கந்த’ என்றும் வழங்குவர். அக்கூட்டங்களிற் பெரும்பான்மையாகக் காணப்படும் இளமஞ்சட் பூச்சியின் புழு கொன்றை இனத்து இலைகளைத் தின்பது. நெல்லையோ காய்கறியையோ நாடுவதன்று. ஆயிரக்கணக்கில் அவை உங்கள் வயலின்மேற் பறந்தாலும் தெளிகருவியைத் தோளிலேற்ற வேண்டியதில்லை. அவை வழிப்போக்கர், வழிவிடுங்கள்.

முடிவாக

அன்பர்களே, விளக்குப் பொறியை நான் முன்னர் குறிப்பிட்டேன். அதனைப் பூச்சிகளைக் கொன்று தீர்க்கும் கருவியாக எண்ணாதீர்கள். நன்மைசெய்யும் பூச்சிகளும் அதில் விழும். எந்தப் பூச்சி வந்துள்ளது, எப்போது வந்துள்ளது என்று சொல்லும் காவற்காரனாகவே அதனைக் கொள்ளுங்கள். கிழமையில் ஓரிரு இரவுகள் ஏற்றிப் பார்த்து, கண்டதைக் கொப்பியொன்றிற் குறித்துவையுங்கள். ஐயமெழுந்தால் பூச்சியைப் போத்தலில் இட்டு, புழுவையும் தாக்கமுற்ற இலையையும் சேர்த்து, உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். மருந்து வாங்குவதற்கு முன் வாருங்கள். வாங்கியபின் வருவதிற் பயன் குறைவு.

பேணியோடு வந்த அக்கமக்காரர் அடுத்த போகத்தில் மீண்டும் வந்தார். இம்முறை அவர் கையில் இருந்தது சிறு கண்ணாடிப் போத்தல். அதனுள்ளே மஞ்சட் சிறகுடைய ஒரு பெண்பூச்சியும், மயிர்மூடிய முட்டைத்திரளோடு ஓர் இலைநுனியும் இருந்தன. “ஐயா, சிறகில் ஒரு பொட்டு. முட்டையும் கண்டேன். பிள்ளைகளோடு இறங்கிக் கிள்ளத் தொடங்கிவிட்டோம். நான் சொல்வது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அவர் சொன்னது சரியே. தெளிகருவி கொட்டிலிலேயே இருந்தது.

நீங்களும் அவ்வாறே சிறகை வாசித்தபின் செயலில் இறங்குவீர்களாக. உங்கள் வயலும் தோட்டமும் செழிப்பனவாக.